நிலநடுக்கத்தில் சேதமடைந்த கட்டடங்களுக்கு ஒரு படக் காப்பகம்: முழுமையான வழிகாட்டி

பெரிய நிலநடுக்கம் நடந்த சில நாட்களிலேயே மண்வாரி இயந்திரங்கள் வந்துவிடும். சிக்கியவர்களை மீட்க வேண்டும், வழியைத் திறக்க வேண்டும், ஆடிக்கொண்டிருக்கும் சுவரை இடித்துத் தள்ள வேண்டும். எல்லாமே தள்ளிப்போட முடியாத வேலைகள். ஆனால் அந்த இடிபாடுகளோடு சேர்ந்து, கட்டடம் ஏன் விழுந்தது என்பதற்கான சாட்சியமும் லாரியில் ஏறிப் போய்விடுகிறது. பிறகு மிஞ்சுவது படங்கள் மட்டுமே.

படங்களுக்குப் பஞ்சம் இருக்காது. கையில் கைபேசி இருக்கும் எல்லோரும் எடுக்கிறார்கள். ஆனால் சில ஆண்டுகள் கழித்து ஒரு பொறியாளரோ ஆய்வாளரோ அவற்றைத் தேடிப் பார்க்கும்போது, பெரும்பாலான படங்கள் கைகொடுப்பதில்லை. எந்தத் தெரு என்று தெரியாது. எந்த அதிர்வுக்குப் பிறகு எடுத்தது என்று தெரியாது. கட்டடம் எத்தனை மாடி என்பதுகூடப் படத்துக்குள் அடங்கியிருக்காது. இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு: எல்லாப் படங்களும் விழுந்த கட்டடங்களையே காட்டும். பக்கத்தில் கீறல்கூட இல்லாமல் நின்ற வீட்டை யாரும் எடுத்திருக்க மாட்டார்கள்.

ஒரு சேதக் காப்பகம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி, "இது விழுந்தது, அது ஏன் நின்றது?" என்பதுதான். கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்தக் கேள்வியை மனத்தில் வைத்தே எழுதப்பட்டிருக்கிறது. பொறியியல் மாணவர்கள், கட்டடக் கலைஞர்கள், படம் எடுப்பவர்கள், ஊர் வரலாற்றில் அக்கறை உள்ளவர்கள் என நான்கைந்து பேர் சேர்ந்தால் போதும், கைபேசியும் நோட்டும் வைத்துக்கொண்டே தொடங்கிவிடலாம்.

படி 1: எல்லையையும் கேள்வியையும் முடிவு செய்யுங்கள்

மொத்த நகரத்தையும் எடுக்கப் போகிறோம் என்று கிளம்பினால் பாதியில் நின்றுவிடும். ஒரு பகுதியை, அல்லது ஒரு வகைக் கட்டடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: இந்த ஆறு தெருக்கள், அல்லது இந்த வட்டாரத்துப் பள்ளிக் கட்டடங்கள் அனைத்தும், அல்லது மண் சாந்தில் கட்டிய கல் வீடுகள். எல்லையை ஒரு வரைபடத்தில் கோடாகப் போட்டு, தேதியிட்டு, காப்பகத்தின் முதல் ஆவணமாகச் சேமியுங்கள். "இங்கே படம் இல்லை" என்பதற்குச் சேதம் இல்லை என்று பொருளா, நாங்கள் போகவில்லை என்று பொருளா? பின்னால் பார்ப்பவருக்கு இதைச் சொல்லும் ஒரே தாள் அந்த வரைபடம்தான்.

படி 2: நின்ற கட்டடங்களையும் எடுங்கள்

இதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் காப்பகம் பொய் சொல்லும்.

1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோவின் பசிபிக் கரையோரம் நடந்த நிலநடுக்கம், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருந்த மெக்சிகோ நகரத்தை நொறுக்கியது. விழுந்த கட்டடங்களை மட்டும் பார்த்திருந்தால் கட்டுமானம் மோசம் என்று முடித்திருப்பார்கள். ஆனால் பழைய ஏரிப்படுகையின் மேல் இருந்த அந்தப் பகுதியில் தாழ்வான பழைய கட்டடங்கள் பல நின்றன, மிக உயரமான சிலவும் நின்றன. அதிகம் அடிபட்டவை ஏறத்தாழ 6 முதல் 15 மாடி வரை இருந்தவை. அடியில் இருந்த மென்மையான களிமண் சுமார் 2 நொடிக்கு ஒருமுறை ஊசலாடியது, அந்த உயரத்துக் கட்டடங்களின் இயல்பான அசைவும் அதற்கு நெருக்கமாக இருந்தது. நின்றவற்றையும் கணக்கில் எடுத்ததால்தான் இந்தப் பாடமே கிடைத்தது.

2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் கச்சுப் பகுதியை உலுக்கிய நிலநடுக்கத்திலும் இப்படித்தான். மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் பல மாடிக் குடியிருப்புகள் சில இடிந்தன. அவற்றில் பல, தரைத்தளத்தில் சுவரே இல்லாமல் வண்டி நிறுத்துவதற்காகத் தூண்களின் மேல் நிறுத்தப்பட்டவை. ஒரே வட்டாரத்தில் விழாமல் நின்ற குடியிருப்புகளோடு ஒப்பிட்டால்தான் அந்த வேறுபாடு எவ்வளவு முக்கியம் என்பது எடைபோட முடிகிறது.

நடைமுறையில் செய்ய வேண்டியது இது. களத்துக்குப் போகும் முன்பே வரைபடத்தில் தெருத் துண்டுகளைத் தேர்ந்தெடுங்கள். அந்தத் துண்டில் இருபுறமும் உள்ள எல்லாக் கட்டடங்களையும், சேதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரே முறையில் எடுங்கள். நேரம் போதாவிட்டால் ஒவ்வொரு ஐந்தாவது கட்டடம் என்று விதி வைத்துக்கொண்டு, அதிலிருந்து விலகாதீர்கள். கண்ணை ஈர்க்கும் பெரிய இடிபாடு ஒன்று விதிக்கு வெளியே இருந்தால் அதையும் எடுக்கலாம், ஆனால் "மாதிரிக்கு வெளியே" என்று தனியாகக் குறிக்க வேண்டும். அந்தக் குறி இல்லாவிட்டால், "இந்தத் தெருவில் நூற்றுக்கு எத்தனை விழுந்தன?" என்று நாளை யாரோ போடும் கணக்கு தப்பாகிவிடும்.

படி 3: பாதுகாப்பும் மனிதர்களும்

பின்னதிர்வு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. சாய்ந்த கட்டடத்துக்குள் படத்துக்காக நுழையாதீர்கள். சுவரின் உயரத்தைவிட அதிகத் தூரத்தில் நில்லுங்கள். தொங்கும் கைப்பிடிச் சுவர், பாதி விழுந்த தண்ணீர்த் தொட்டி, அறுந்த மின்கம்பி, எரிவாயு வாடை இவற்றில் ஏதாவது இருந்தால் அந்த இடத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். தலைக்கவசம், தடித்த காலணி, தூசுக்கு முகக்கவசம் கட்டாயம். தனியாகப் போக வேண்டாம். ஒருவர் கேமராவில் கண் வைத்திருக்கும்போது மற்றவர் மேலே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

மீட்புப் பணி நடக்கும் இடத்தில் நமக்கு வேலை இல்லை. இடிபாட்டுக்கு அடியிலிருந்து வரும் மெல்லிய குரலைக் கேட்பதற்காக மீட்புக்குழுவினர் மொத்தத் தெருவையும் அமைதியாக இருக்கச் சொல்வார்கள். அப்போது மேலே ஒரு ட்ரோன் ரீங்காரமிட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு உயிரின் விலையாகக்கூட முடியலாம். ட்ரோன் பறக்கவிட உள்ளூர் அதிகாரிகளின் அனுமதி வேண்டும், மீட்புக் கட்டம் முடிந்த பிறகே அதை எடுக்க வேண்டும்.

வீட்டுக்காரர் அங்கே இருந்தால் முதலில் பேசுங்கள், கேமரா பிறகு. யார் நீங்கள், எதற்கு எடுக்கிறீர்கள், படம் எங்கே போகும் என்று சொல்லுங்கள். பலருக்கு ஒரு பயம் இருக்கும்: இந்தப் படத்தைக் காட்டி வீட்டை இடிக்கச் சொல்வார்களோ, இழப்பீட்டைக் குறைப்பார்களோ என்று. அது நியாயமான பயம். வேண்டாம் என்றால் வணங்கிவிட்டு நகருங்கள், பதிவேட்டில் "அனுமதி இல்லை" என்று மட்டும் எழுதுங்கள். சம்மதித்தவருக்கு அவருடைய வீட்டுப் படங்களின் நகலைக் கொடுங்கள். இழப்பீட்டு மனுவில் அவருக்கு உதவும். இறந்தவர்களையும் காயம்பட்டவர்களையும் படம் எடுக்காதீர்கள். கட்டடத்தைப் பற்றிய காப்பகத்தில் அதற்கு எந்தத் தேவையும் இல்லை.

படி 4: கருவிகள்

நல்ல கைபேசிக் கேமரா போதும். கூடவே வேண்டியவை: அளவுநாடா, மில்லிமீட்டர் குறியுள்ள சிறு அளவுகோல், தூக்குக்குண்டு, சாக்பீஸ், கட்டட எண் எழுதிக் காட்ட ஒரு வெள்ளைப் பலகை, பவர் பேங்க், காகித நோட்டு. மின்சாரமும் இணையமும் இல்லாத நாட்களில் அந்த நோட்டுதான் கைவிடாமல் இருக்கும்.

கேமராவைத் தயார் செய்யும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். முதலில், எல்லோருடைய கேமராவிலும் தேதியும் நேரமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். கைபேசி தானாக நேரத்தைச் சரிசெய்துகொள்ளும், தனிக் கேமரா செய்யாது. நாள் தொடங்கும்போது எல்லாக் கேமராவிலும் ஒரே கைபேசியின் கடிகாரத் திரையை ஒரு படம் எடுத்துவிட்டால், பின்னால் வித்தியாசத்தைக் கணக்கிட்டுத் திருத்த முடியும். இரண்டாவதாக, இருப்பிடப் பதிவை இயக்குங்கள். மூன்றாவதாக, அழகூட்டும் வடிகட்டிகளையும், டிஜிட்டல் ஜூமையும் நிறுத்துங்கள். இன்றைய கைபேசிகள் சில, தூரத்துப் படத்தைத் தெளிவாக்குகிறேன் என்று இல்லாத நுணுக்கங்களை நிரப்பிவிடும். விரிசல் இல்லாத இடத்தில் கோடு தோன்றினாலும், இருக்கும் விரிசல் மழுங்கினாலும் அந்தப் படம் சாட்சியமாகாது.

படி 5: ஒரு கட்டடத்தை எடுக்கும் வரிசை

எல்லாக் கட்டடத்துக்கும் ஒரே வரிசை. கை பழகிவிட்டால் எதுவும் விட்டுப்போகாது.

முதல் படம் எண் பலகை. கட்டட எண், தேதி, எடுப்பவரின் குறி மூன்றும் அதில் இருக்கட்டும். இதைத் தொடர்ந்து வரும் எல்லாப் படங்களும், அடுத்த பலகை வரும் வரை, அந்தக் கட்டடத்துக்கே உரியவை. இருப்பிடப் பதிவு தவறினாலும் இந்த ஒரு படம் காப்பாற்றும்.

அடுத்து, தெருவோடு சேர்ந்த தூரப் படம். பக்கத்துக் கட்டடங்கள், நிலத்தின் சரிவு, தெருவின் அகலம் எல்லாம் தெரிய வேண்டும். பிறகு கட்டடத்தின் ஒவ்வொரு முகமும் தரையிலிருந்து கூரை வரை முழுதாக ஒரு படத்தில். முன்வாசலில் தொடங்கி வலம் சுற்றி வாருங்கள். நான்கு முகமும் எடுக்க முடியாவிட்டால் எந்த முகம் விட்டுப்போனது என்று எழுதுங்கள். மூலைகளில் இரண்டு முகமும் சேர்ந்து தெரியும்படி ஒன்று எடுங்கள், சுவர்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவது அங்கேதான் முதலில் தெரியும்.

முழு முகத்தை எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் நேரான கட்டடமும் பின்னால் சாய்வதுபோல் விழும். அகலக்கோண லென்ஸ் ஓரங்களை வளைக்கும். சாய்வு என்பதே இங்கே சேதத்தின் முக்கியமான அறிகுறி என்பதால், இந்தப் பொய்ச் சாய்வு பெரிய குழப்பத்தைத் தரும். முடிந்த அளவு பின்னால் போய், கேமராவை மட்டமாகப் பிடித்து, சாதாரண லென்ஸில் எடுங்கள். உண்மையிலேயே சாய்ந்திருக்கிறது என்று தோன்றினால், பாதுகாப்பான இடத்தில் கேமராவுக்கும் கட்டடத்துக்கும் நடுவே தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, கயிறும் சுவர் விளிம்பும் ஒரே சட்டகத்தில் வரும்படி எடுங்கள்.

அதன்பிறகுதான் நெருக்கப் படங்கள். ஒவ்வொரு சேதத்துக்கும் மூன்று: அது கட்டடத்தில் எங்கே இருக்கிறது என்று காட்டும் ஒன்று, அந்தத் தூணோ சுவரோ முழுதாகத் தெரியும் ஒன்று, அளவுகோலோடு மிக நெருக்கமாக ஒன்று. நடுப் படத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாமல் நெருக்கப் படத்தை மட்டும் பார்த்தால் அந்த விரிசல் தூணின் மேல்முனையா, கீழ்முனையா என்றே புரியாது.

நேரம் இருந்தால் முப்பரிமாண மாதிரி செய்யும் அளவுக்கும் எடுக்கலாம். கட்டடத்தைச் சுற்றி நடந்தபடி, ஒரு படத்தின் முக்கால் பங்கு காட்சி அடுத்த படத்திலும் வரும்படி தொடர்ந்து எடுக்க வேண்டும். மாதிரியைப் பிறகு நிதானமாகக் கணினியில் உருவாக்கலாம். இடிக்கப்படப் போகிறது என்று அறிவித்த கட்டடங்களுக்கு இதை முதலில் செய்யுங்கள்.

படி 6: எங்கே பார்க்க வேண்டும், எதை எடுக்க வேண்டும்

பொறியாளர் அல்லாதவர்கள் தயங்கும் இடம் இது. சேதத்தைப் படிக்கத் தெரியாவிட்டாலும் சேதம் பேசும் இடங்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

செங்கல், கல் கட்டடங்களில் ஜன்னல்களுக்கு இடையே உள்ள சுவர்த் துண்டுகளைப் பாருங்கள். நிலம் இருபுறமும் ஆட்டியதால் விரிசல்கள் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்து, பெருக்கல் குறிபோல் வெட்டிக்கொள்ளும். சுவர் வெளிப்பக்கமாகச் சரிந்திருந்தால், கூரையும் சுவரும் சேர்ந்த இடத்தை எடுங்கள். இரண்டையும் கட்டிப்போட ஏதாவது இருந்ததா என்பதே அங்கே கேள்வி. தடித்த கல் சுவர் உடைந்திருந்தால் அதன் குறுக்குவெட்டைக் காட்டுங்கள்: உள் அடுக்கும் வெளி அடுக்கும் தனித்தனியாகப் பிரிந்ததா, இரண்டையும் இணைக்கும் நீளக் கற்கள் இருந்தனவா? 1993 செப்டம்பர் 30 அன்று மகாராஷ்டிரத்தின் கில்லாரி பகுதியில் பேரழிவை உண்டாக்கியவை இப்படிப்பட்ட தடித்த கல் சுவர்கள்தான். சாந்தின் தன்மை தெரியும்படி ஒரு படமும் வேண்டும்.

கான்கிரீட் கட்டடங்களில் தூண்களின் மேல்முனையும் கீழ்முனையும், தூணும் பீமும் சேரும் மூட்டும் முதல் இடம். கான்கிரீட் உதிர்ந்து கம்பி தெரிந்தால் அது அரிய வாய்ப்பு. தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டிய வளையங்களான ரிங் கம்பிகளின் இடைவெளியை அளவுநாடா வைத்து எடுங்கள். ரிங்கின் முனைகள் தூணின் உள்ளே 135 பாகைக்கு மடக்கப்பட்டிருக்கின்றனவா, வெறும் 90 பாகையில் நின்று இப்போது விரிந்துகிடக்கின்றனவா என்பது தெளிவாகத் தெரிய வேண்டும். கம்பி வழவழப்பானதா, முறுக்கு வரிகள் உள்ளதா, துருப்பிடித்ததா என்பதும் அதே படத்தில் வரட்டும். கான்கிரீட் கல்லின் அளவு, அதில் இருக்கும் வெற்றிடங்கள், தேவையில்லாமல் கலந்த பொருள் எல்லாமே முக்கியம்.

தரைத்தளம் திறந்திருக்கும் கட்டடத்தில் மேல்மாடிகள் கண்ணாடிகூட உடையாமல் இருக்க, கீழே தூண்கள் மட்டும் சாய்ந்திருக்கும். மேலும் கீழும் ஒரே படத்தில் வரட்டும், அந்த முரண்பாடே சாட்சி. பாதிச் சுவர் எழுப்பி அதற்கு மேல் ஜன்னல் வரிசை வைத்த பள்ளிக் கட்டடங்களில், சுவருக்கு மேலே மிஞ்சும் குட்டைத் துண்டில்தான் தூண் வெட்டுப்படும். ஒட்டி நிற்கும் இரண்டு கட்டடங்கள் மோதிக்கொண்டிருந்தால், இரண்டின் தளங்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று தெரியும் கோணத்தைத் தேடுங்கள். ஒன்றின் ஸ்லாப் மற்றதன் தூணின் நடுவில் இடித்திருந்தால் சேதம் பலமடங்கு. முழுதும் விழுந்து ஸ்லாப்கள் அடுக்கடுக்காகக் கிடந்தால், பக்கவாட்டிலிருந்து விளிம்புகளை எண்ணும்படி எடுங்கள். எத்தனை மாடி இருந்தது என்பதற்கு அது ஒன்றே ஆதாரமாக மிஞ்சலாம். நடு மாடி மட்டும் நசுங்கிய கட்டடங்களும் உண்டு, 1995 கோபே நிலநடுக்கத்தில் அப்படிப் பல கட்டடங்கள் நின்றன. எல்லா மாடிகளையும் எண்ணாமல் மேலோட்டமாகப் பார்த்தால் அது கண்ணுக்குத் தப்பும்.

தரையையும் மறக்காதீர்கள். 1964 ஜூன் 16 அன்று ஜப்பானின் நீகாட்டாவில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெரிதாக உடையாமலேயே பக்கவாட்டில் சாய்ந்தன, காரணம் அடியில் இருந்த மணல் நீர்போல் இளகியது. அப்படி மண் இளகிய இடத்தில் தரையின் வெடிப்புகளிலிருந்து மணலும் தண்ணீரும் பீறிட்டுச் சின்ன மேடுகளாகக் கிடக்கும். ஒரு மழையோ ஒரு துடைப்பமோ போதும், அடையாளம் போய்விடும். இதை முதல் நாளிலேயே எடுத்துவிட வேண்டும்.

கடைசியாக, விரிசலின் வயது. நிலநடுக்கத்துக்கு முன்பே இருந்த விரிசலின் ஓரங்கள் மழுங்கி, உள்ளே தூசியும் பெயிண்டும் பாசியும் சிலந்திவலையும் படிந்திருக்கும். புதிய விரிசலின் ஓரம் கூர்மையாகவும் உட்புறம் வெளிர் நிறமாகவும் இருக்கும். நெருக்கப் படம் இந்த வேறுபாடு தெரியும் அளவுக்குக் கூர்மையாக இருக்க வேண்டும். இழப்பீட்டுத் தகராறுகளில் இந்த ஒரு படம் ஒரு குடும்பத்துக்கே துணை நிற்கும்.

கட்டட வாசலில் அதிகாரிகள் ஒட்டிய அட்டை இருந்தால் தேதியோடு படிக்கும்படி எடுங்கள். கட்டடத்துக்குள் நுழைவது பாதுகாப்பா என்று மதிப்பிட அமெரிக்காவில் 1989ல் வெளியான ஏடிசி-20 நடைமுறையைப் பின்பற்றிப் பல நாடுகள் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகளைப் பயன்படுத்துகின்றன. அந்த முடிவு பின்னால் மாறக்கூடும். முதலில் என்ன சொல்லப்பட்டது என்பதும் வரலாறுதான்.

படி 7: நேரமும் இடமும்

"2023 துருக்கி நிலநடுக்கம்" என்று மட்டும் எழுதிய படம் எவ்வளவு குறைவான செய்தியைத் தருகிறது என்று பாருங்கள். அந்த ஆண்டு பிப்ரவரி 6 அன்று அதிகாலை 4:17 மணிக்கு 7.8 அளவில் ஒரு நிலநடுக்கம், அன்றே நண்பகல் கடந்து சுமார் 9 மணிநேரம் கழித்து 7.5 அளவில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் எடுத்த படம், முதல் அதிர்வு செய்ததையும் இரண்டாவது செய்ததையும் பிரித்துக் காட்டும். நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25, மே 12 ஆகிய நாட்களில் நடந்த இரு நிலநடுக்கங்களுக்கு இடையே எடுத்த படங்களுக்கும் இதே மதிப்பு. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2010 செப்டம்பரில் நடந்த நிலநடுக்கத்துக்குப் பின் நின்றுகொண்டிருந்த கட்டடங்கள் சில 2011 பிப்ரவரி 22 அன்று இடிந்தன. 1906ல் சான்பிரான்சிஸ்கோவை நிலநடுக்கம் தாக்கிய பிறகு மூன்று நாட்களுக்கும் மேலாகத் தீ எரிந்தது. நெருப்புக்கு முன் எடுத்ததா, பின் எடுத்ததா என்று தெரியாத படத்தில் இடிபாட்டுக்கு எது காரணம் என்று சொல்லவே முடியாது.

ஆகவே தேதியோடு மணியும் நிமிடமும், எந்த நேர மண்டலம் என்பதும் வேண்டும்.

இருப்பிடத்துக்கு அட்சரேகை, தீர்க்கரேகையைத் தசமப் புள்ளிக்குப் பின் 5 இலக்கம் வரை எழுதினால் ஏறக்குறைய ஒரு மீட்டர் துல்லியம் கிடைக்கும். கைபேசி அவ்வளவு துல்லியமாகப் பிடிக்காது. திறந்த வெளியிலேயே சில மீட்டர் தள்ளிக் காட்டும், உயரக் கட்டடங்களுக்கு நடுவே இன்னும் அதிகம். தெருவின் மறுபக்கத்து வீட்டில் போய் நிற்கும் புள்ளியை மாலையில் வரைபடத்தில் கையால் நகர்த்திச் சரிசெய்யுங்கள். இன்னொன்று: கைபேசி பதிவது நீங்கள் நின்ற இடத்தை, கட்டடம் இருக்கும் இடத்தை அல்ல. இரண்டையும் தனித்தனிப் புலமாக வையுங்கள். எந்தத் திசை நோக்கி எடுத்தீர்கள் என்பதையும் குறியுங்கள். இரும்பு நிறைந்த இடிபாட்டுக்குப் பக்கத்தில் திசைகாட்டி ஏமாற்றும், வரைபடத்தைப் பார்த்து எழுதுவது நல்லது.

படி 8: அன்றன்று மாலை

களைப்பில் நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளினால் நினைவு கலங்கிவிடும். அன்றே படங்களை இறக்குங்கள். மூலப் படங்களைத் திருத்தாமல், வெட்டாமல், பெயர்கூட மாற்றாமல் ஒரு கோப்புறையில் பூட்டிவையுங்கள். பெயர் மாற்றம், வெளிச்சத் திருத்தம் எல்லாம் நகலில்தான். கோப்புப் பெயரில் தேதி, நேரம், எடுத்தவர் எண், கட்டட எண், பட வரிசை இருக்கட்டும், உதாரணமாக 20150425_1640_03_0127_009. இப்படி வைத்தால் எந்தக் கணினியிலும் தானாகக் காலவரிசையில் அடுக்கிக்கொள்ளும்.

ஒவ்வொரு மூலக் கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்புக் குறியீட்டைக் கணக்கிட்டுப் பட்டியலாக வையுங்கள். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் குறியீடு மாறிவிடும். பத்தாண்டு கழித்து "இது திருத்தப்பட்ட படம்" என்று யாராவது சொன்னால் பதில் அதில் இருக்கும். நகல்கள் மூன்று, இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு ஊரில். நிலநடுக்கப் பகுதியில் ஒரே கட்டடத்தில் எல்லா நகலையும் வைப்பது எவ்வளவு ஆபத்து என்று விளக்க வேண்டியதில்லை.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள். படம் சுருங்கும், அதோடு ஒட்டியிருந்த தேதி, இருப்பிட விவரங்கள் அழிந்துவிடும். வேறு வழியே இல்லை என்றால் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.

படி 9: விவரம் எழுதுவது

ஒரு விரிதாள் போதும். ஒரு கட்டடத்துக்கு ஒரு வரி, இன்னொரு தாளில் ஒரு படத்துக்கு ஒரு வரி, இரண்டையும் கட்டட எண் இணைக்கும். கட்டட வரியில்: பயன்பாடு, மாடிகள், கட்டுமான வகை, கட்டிய காலம், கூரை வகை, தரைத்தளம் திறந்ததா, நிலத்தின் தன்மை, சேத நிலை, மாதிரிக்கு உள்ளேயா வெளியேயா. சொற்களை முன்பே ஒரு பட்டியலாக முடிவு செய்து, அதிலிருந்து மட்டும் எடுங்கள். ஒருவர் "பில்லர்" என்றும் இன்னொருவர் "தூண்" என்றும் எழுதினால் தேடலில் பாதி விட்டுப்போகும்.

சேத நிலைக்குச் சொந்தமாக அளவுகோல் கண்டுபிடிக்க வேண்டாம். 1998ல் வெளியான ஐரோப்பிய அளவுகோலான இஎம்எஸ்-98 சேதத்தை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறது: மயிரிழை விரிசலும் பூச்சு உதிர்வும் உள்ள முதல் நிலையிலிருந்து, முழுதும் அல்லது ஏறக்குறைய முழுதும் இடிந்த ஐந்தாம் நிலை வரை. செங்கல் கட்டடத்துக்கும் கான்கிரீட் கட்டடத்துக்கும் தனித்தனிப் படங்களோடு விளக்கம் அதிலேயே உண்டு. இரண்டு பேர் ஒருவர் எழுதியதை ஒருவர் பார்க்காமல் நிலை கொடுக்கட்டும். வேறுபட்டால் இரண்டையும் பதியுங்கள்.

"சேதம் இல்லை" என்று எழுதும் முன் கொஞ்சம் நில்லுங்கள். 1994ல் கலிபோர்னியாவின் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்துக்குப் பின் வெளியிலிருந்து நன்றாகவே தெரிந்த இரும்புச் சட்டகக் கட்டடங்கள் பலவற்றில், பூச்சையும் மறைப்பையும் நீக்கிப் பார்த்தபோது பீமும் தூணும் சேரும் வெல்டிங் வெடித்திருந்தது. "வெளியிலிருந்து சேதம் தெரியவில்லை" என்பதே நேர்மையான பதிவு.

பார்த்ததையும் ஊகித்ததையும் வேறு வேறு புலத்தில் எழுதுங்கள். இதற்குப் பழைய முன்னுதாரணம் ஒன்று உண்டு. 1857 டிசம்பரில் தென் இத்தாலியில் நடந்த நிலநடுக்கத்தை ஆராய அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மாலெட் அங்கே போனார். அல்போன்ஸ் பெர்னூ எடுத்த இடிபாட்டுப் படங்கள் அவருடைய ஆய்வுக்குச் சேர்ந்தன, 1862ல் அறிக்கை வெளியானது. விரிசல்களும் விழுந்த பொருள்களும் காட்டும் திசையிலிருந்து அதிர்வு எங்கிருந்து வந்தது என்று அவர் கணிக்க முயன்றார். அந்தக் கணிப்பு முறையை இன்று யாரும் அப்படியே பின்பற்றுவதில்லை. படங்களையும் குறிப்புகளையும் இன்றும் ஆய்வாளர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள். நம் விளக்கங்களுக்கும் இதுதான் நடக்கும். அவை பழசாகும்போது படத்தின் விவரத்தையும் சேர்த்துக் கெடுத்துவிடாதபடி தனியே இருக்கட்டும்.

படி 10: பிறர் தரும் படங்களும் முந்தைய படங்களும்

நீங்கள் போவதற்கு முன்பே ஊர்க்காரர்கள் எடுத்த படங்கள் விலைமதிப்பற்றவை. மூலக் கோப்பையே கேளுங்கள். எடுத்தவர், எடுத்த நேரம், பயன்படுத்தும் அனுமதி இவற்றை எழுதி வாங்குங்கள். சமூக வலைத்தளத்தில் சுற்றும் படத்தை மூலம் தெரியாமல் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு பேரிடரின்போதும் வேறு ஆண்டு, வேறு நாட்டுப் படங்கள் புதிது என்று உலவும், இப்போது செயற்கையாக உருவாக்கிய படங்களும் சேர்ந்துவிட்டன. பின்னணியில் தெரியும் மலை, கடைப் பலகை, நிழல் விழும் திசை ஆகியவற்றைக் களத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, உறுதியான பிறகே உள்ளே விடுங்கள்.

நிலநடுக்கத்துக்கு முந்தைய படங்களையும் தேடுங்கள். திருமண ஆல்பத்தில் பின்னணியாக நிற்கும் வீட்டு முகப்பு, இணைய வரைபடச் சேவைகளின் தெருக்காட்சி, கட்டட வரைபடம் எதுவானாலும். மேலே ஒரு மாடி பின்னால் சேர்க்கப்பட்டதா, தரைத்தளச் சுவரைக் கடைக்காக இடித்தார்களா என்று அவைதான் சொல்லும்.

படி 11: வெளியிடுவது

முகங்களையும் வண்டி எண்களையும் வீட்டுக்குள் தெரியும் சொந்தப் பொருள்களையும் பொது நகலில் மறையுங்கள், மூலம் பூட்டிய கோப்புறையில் இருக்கட்டும். வீடுகளின் துல்லியமான இருப்பிடத்தை ஆய்வாளர்கள் கேட்டால் மட்டும் தரலாம், பொதுவில் தெருப் பெயரோடு நிறுத்திக்கொள்ளலாம். கதவு உடைந்த வீட்டின் சரியான இடத்தைப் பொதுவில் போடுவது திருட்டுக்கு வழிகாட்டும். பயன்பாட்டு உரிமையை ஒவ்வொரு படத்திலும் எழுதுங்கள், கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் இதற்கு எளிது.

சொந்த இணையதளத்தை மட்டும் நம்பாதீர்கள். ஒரு பல்கலைக்கழக நூலகத்தோடு தொடக்கத்திலேயே பேசி, ஒரு முழு நகலை அங்கே ஒப்படையுங்கள். பொறியாளர் கார்ல் ஸ்டைன்புரூக் சேர்த்த நிலநடுக்கப் படங்கள் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இருப்பதால்தான் இன்றும் எவரும் தேடிப் பார்க்க முடிகிறது. கிறைஸ்ட்சர்ச்சின் நினைவுகளையும் ஆவணங்களையும் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தின் சீஸ்மிக் திட்டம் அப்படித்தான் தொகுத்து வைத்திருக்கிறது.

படி 12: திரும்பிப் போங்கள்

மூன்று மாதம், ஓராண்டு, ஐந்தாண்டு கழித்து அதே தெருக்களில், அதே இடத்தில் நின்று, பழைய படத்தைக் கையில் வைத்து அதே கோணத்தில் மறுபடியும் எடுங்கள். எது இடிக்கப்பட்டது, எது காலி மனையாகவே கிடக்கிறது, எது பழுதுபார்க்கப்பட்டது என்பது அப்போது தெரியும். பழுதுபார்க்கும்போது தூணைச் சுற்றிப் புதுக் கம்பி கட்டினார்களா, விரிசலில் வெறும் சிமெண்ட் பூசி வண்ணம் அடித்துவிட்டார்களா என்பது பூச்சு வேலைக்கு முன்பு மட்டுமே கண்ணுக்குத் தெரியும். அதனால் வேலை நடக்கும் வீட்டுக்காரர்களிடமும் கொத்தனார்களிடமும் முன்பே சொல்லி வையுங்கள், பூசுவதற்கு முன் ஒரு நாள் கூப்பிடச் சொல்லுங்கள். அந்தப் படங்களை அதே கட்டட எண்ணின் கீழ் சேருங்கள். அடுத்த நிலநடுக்கத்துக்குப் பின் அந்தத் தெருவுக்கு வருபவர்களுக்கு, அந்த வீடு நின்றாலும் விழுந்தாலும், காரணத்தைத் தேடத் தொடங்கும் இடம் அந்த எண்ணாகத்தான் இருக்கும்.